நிழலின் சத்தம்

திருவொற்றியூரில் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை மாணவர்களுக்கான அறிவியல் அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் சூரிய மின்சாரப் பகுதியை வடிவமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. சோலார் பேனலை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் குட்டி வீடுகளில் விளக்கு எரியும். வெயிலுக்குப் பதிலாக மேலே பெரிய விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தேன். பிள்ளைகள் அசந்துபோவார்கள் என்று நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு முன்னால் சோதித்துப் பார்க்கப் பக்கத்துப் பள்ளிகளை அழைத்தோம். ஒருநாள் பார்வையற்ற மாணவிகள் சிலர் தங்கள் ஆசிரியையோடு வந்தார்கள். அவர்கள் வருவது எனக்கு முன்பே தெரியாது. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி, குட்டி வீட்டின் கூரையைத் தடவிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“வெளக்கு எரியுதுன்னு நீ சொல்ற. நான் நம்பிக்கணும். அவ்ளோதானாக்கா?”

அவள் குரலில் கோபமே இல்லை.

அடுத்த நாள் மொட்டைமாடியில் எங்கள் எலெக்ட்ரீஷியன் ஒரு பேனலைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதோடு இணைத்திருந்த சின்ன மோட்டார் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அவர் பேனலைக் கடந்து நடந்தபோது அவர் நிழல் அதன்மேல் விழ, அந்தச் சத்தம் சட்டென்று தணிந்தது. அவர் விலகியதும் மறுபடி எழுந்தது. எத்தனையோ முறை என் காதில் விழுந்த சத்தம்தான். அன்றைக்குத்தான் உறைத்தது. அவரை அப்படியே திரும்ப நடக்கச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நடந்தார்.

மோட்டாரில் சின்ன இறக்கைகளைப் பொருத்தி, அவை ஒரு மெல்லிய தகட்டை உரசிப் பாடும்படி இருவருமாகச் செய்தோம். பேனலை மாடியிலேயே வெயிலில் வைத்துவிட்டு, அந்த மாணவிகளை மறுபடியும் அழைத்தோம்.

காசிமேட்டுச் சிறுமியின் கையைப் பிடித்துப் பேனலுக்கு மேலே கொண்டுபோனேன். சத்தம் இறங்கியது. கையை எடுத்தாள், ஏறியது. விரல்களை விரித்தாள், மடக்கினாள். பிறகு என் கையை விட்டுவிட்டுத் தானே விளையாட ஆரம்பித்தாள்.

“என் நெயலுக்குச் சத்தம் கீதுக்கா,” என்றாள் மெதுவாக.

மற்றவர்களும் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள். ஆசிரியை எல்லோரையும் கொஞ்சம் பின்னால் நகர்த்தி நிற்கவைத்தார். பேனல் மேல் யாருடைய கையும் இல்லை. அப்போது சத்தம் தானாகவே தாழ்ந்தது.

“யாரு கைய வெச்சது?” என்று கேட்டாள் காசிமேட்டுச் சிறுமி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எண்ணூர்ப் புகைபோக்கிகளைத் தாண்டி வந்த ஒரு மேகம் சூரியனை மறைத்திருந்தது. மேகம் என்று சொன்னேன்.

“அம்மாம் மேல கீறதா?”

ஆமாம் என்றேன். அவள் முகத்தை வானத்துக்கு உயர்த்தினாள். கீழே சாலையில் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எட்ட முடியாத உயரத்தில் ஒன்று எங்களைக் கடந்துபோவதை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இத்தனை வருடம் மேகங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று போவதைக் கேட்டது அன்றுதான்.

சத்தம் மெல்ல, இழை இழையாக, மறுபடி எழுந்துவர ஆரம்பித்தது.

“போய்ட்ச்சு,” என்றாள் அவள்.