வெறும் டப்பா

எனக்கும் என் அக்காவுக்கும் இடையில் பதினைந்து வருடங்களாக ஒரு பிளாஸ்டிக் டப்பா போய்வந்துகொண்டிருந்தது. பச்சை மூடி, மூடியின் ஓரத்தில் ஒரு விரிசல். கிள்ளானிலிருந்து அக்கா முறுக்கோ அதிரசமோ போட்டுக் கொடுப்பாள். நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் லட்டு, பழம் என்று கைக்குக் கிடைத்ததை வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொண்டுபோவேன். அந்த டப்பா ஒருமுறைகூட வெறுமையாகப் போனதில்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவது எங்கள் வழக்கம். கிள்ளானில் நாங்கள் வளர்ந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது, உன்னோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

இந்த வழக்கத்தை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. அதில்தான் அந்த டப்பாவுக்கு ஆபத்து வந்தது.

நான் வேலை பார்ப்பது போனில் விளையாடும் கேம் ஒன்றை நடத்தும் நிறுவனத்தில். படம் வரைவதும் நிரல் எழுதுவதும் மற்றவர்கள் பாடு. அந்தக் கேமிலிருந்து காசு எப்படி வரும் என்று யோசிப்பது என் பாடு. சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால், சும்மா கிடைக்கும் கேமை வைத்து எப்படிப் பிழைக்கிறீர்கள் என்ற அடுத்த கேள்வி வரும்.

பிழைக்கும் விதம் எளிது. எங்கள் கேமில் ஆளுக்கு ஒரு பாசார் மாலாம் கடை, இரவுச் சந்தையில் போடுவார்களே அது. அடுப்பு மூட்டி, சமைத்து, விற்று, கடையைப் பெரிதாக்க வேண்டும். இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம், விளையாடவும் காசு வேண்டாம். பெரும்பாலானவர்கள் கடைசிவரை ஒரு சென்கூடக் கொடுப்பதில்லை. கொடுக்கிற சிலர் இரண்டு வழியில் கொடுப்பார்கள். ஒன்று மாதப் பாஸ். மாதா மாதம் தானாகவே கார்டிலிருந்து பிடித்துக்கொள்ளும். அதற்குத் தினம் கொஞ்சம் வைரம் கிடைக்கும், கேமுக்குள் அதுதான் காசு. ஒரு நாள் கேமைத் திறக்காவிட்டால் அன்றைய வைரம் போனது போனதுதான். நிறுத்த வேண்டும் என்றால் நான்கு திரைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் "நிச்சயமாகவா?" என்று விதவிதமாகக் கேட்கும். இன்னொன்று வைரப் பொட்டல விற்பனை. ஆகக் குறைந்த பொட்டலத்தில் எண்பது வைரம். ஆகக் குறைந்த நல்ல அடுப்பின் விலை நூறு வைரம். இது தற்செயலாக அமைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்தோம். சலுகை விற்பனைக்கு மேல் ஒரு கடிகாரம் ஓடும். அது ஓடி முடிந்ததும் வேறு பெயரில் வேறு கடிகாரம் ஓடத் தொடங்கும்.

இதையெல்லாம் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இருந்ததில்லை. கடை என்று ஒன்று திறந்தால் விற்கத்தான் செய்வார்கள்.

அக்கா கிள்ளானில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, "நீ என்னாதான்டி வேலை செய்யறே, ஒரு நாளாவது காட்டேன்" என்றாள். அவள் போனில் கேமை இறக்கிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அவளுடைய பஜனைக் குழு முழுவதும் கடை திறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கோவிலில் கூடிப் பாடும் பெண்கள் அவர்கள். "என் தங்கச்சி கம்பெனி கேமு" என்று அக்கா ஒவ்வொருவர் போனிலும் தானே இறக்கிக் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கேமில் முப்பது பேர் சேர்ந்தால் அது ஒரு கம்பம், அதாவது ஒரு கிராமம். கம்பத்தில் ஒருவர் காசு கொடுத்துப் பொட்டலம் வாங்கினால் (மாதப் பாஸ் இதில் சேராது) மற்ற இருபத்தொன்பது பேருக்கும் ஒரு சின்னக் கூடை இலவசமாகப் போகும். நாலு முட்டை, ஒரு எண்ணெய்ப் புட்டி, இப்படி. கூடையில் வாங்கியவர் பெயர் இருக்கும். மற்ற நாட்டுக்காரர்கள் கூடையைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கட்டைவிரல் படத்தை ஒரு தரம் அழுத்தினால் அதுவே பெரிய மரியாதை.

கிள்ளானில் ஒரு கம்பம் மட்டும் அப்படி இல்லை. அங்கே காலையில் ஒருவர் வாங்கினால் மாலைக்குள் நாலைந்து பேர் வாங்கினார்கள். அந்த நாலைந்து பேருக்காக மறுநாள் இன்னும் சிலர். மேலாளர் அதை வரைபடமாகத் திரையில் போட்டார். ஈப்போக்காரர், மரியாதையான மனிதர். சம்பள நாளாக இருக்குமோ, போட்டியாக இருக்குமோ என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அன்று அந்த ஆண்டி நான்தான்.

"இவர்கள் கூடையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்" என்றேன். டப்பா வழக்கத்தை விளக்கினேன், சீனியைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். பத்து வருட வேலையில் ஒரு கூட்டமே வாய் மூடி நான் பேசுவதைக் கேட்டது அன்றுதான். அந்தச் சுகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனேன். யார் திருப்பவில்லையோ அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கூடையைப் போடலாம், கம்பத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அது அக்காவின் கம்பம் என்று தெரியாதா என்றால், தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். எங்களுக்கு வருவது எண்கள்தான், பெயர்கள் அல்ல. ஆனால் கிள்ளான், முப்பது பேர், வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் யாருமே விளையாடாத ஒரு கம்பம். இரண்டு தட்டு தட்டியிருந்தால் பெயர்கள் வந்திருக்கும். நான் தட்டவில்லை.

காலிக் கூடை வந்தது. வருமானம் ஏறியது, கிள்ளானில் மட்டுமல்ல. நம்மவர்கள் எந்த ஊரில் கம்பம் போட்டிருந்தாலும் அங்கே ஏறியது. வருடக் கடைசியில் எனக்குப் போனஸ் கிடைத்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் அக்காவுக்குக் கடுகு நிறத்தில் ஒரு நல்ல புடவை எடுத்தேன். அவள் அதைக் கட்டிக்கொண்டு பஜனைக்குப் போன படத்தை அனுப்பினாள். முன் வரிசையில், நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். மாலை ஆகிவிட்டது. அக்கா கோவிலுக்குக் கிளம்பவில்லை. கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பஜனைக்குப் போகலையா?"

"போகல. ஒரு மாசமாவே போகல."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்னா கேடு." போனை என் பக்கம் தள்ளினாள். கம்பத்தின் பெயர்ப் பட்டியல். முப்பது பெயர்களில் அவள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் காலிக் கூடை. ஓவியர் அதை நன்றாகத்தான் வரைந்திருந்தார். கூடையின் அடிப் பின்னல்கூடத் தெரிந்தது.

"மாமாவுக்கு ஓவர்டைம் நின்னுபோச்சு. ரெண்டு மாசமா நான் ஒன்னும் வாங்கல. அவங்க அனுப்பிக்கிட்டே இருக்காங்க, நான் வாங்கி வாங்கி வச்சிக்கிட்டு இருக்கேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போயி ஒக்கார்றது?"

"அது அவங்க அனுப்பறது இல்லக்கா. ஒருத்தவங்க வாங்குனா சிஸ்டமே எல்லாருக்கும் போட்டுரும்."

"யாரு போட்டா என்னா? அவங்க பேரு போட்டுத்தானே வருது?"

பெயர் போட வேண்டும் என்பதும் ஒரு கூட்டத்தில் முடிவானதுதான்.

"முன்னெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு. காப்பார்ல இருந்து ஒரு ஆன்டி வருவாங்க. அவங்ககிட்ட கார்டு இல்ல, போன்ல வாங்கவும் தெரியாது. கூடைக்குப் பதிலா ஒரு டப்பா நெறைய வடை சுட்டுக் கொண்டாந்தாங்க. எல்லாரும் சாப்பிட்டோம், அதோட முடிஞ்சிச்சு. இந்தக் காலிக் கூட வந்ததும் அவங்க கேம விட்டுட்டாங்க. நானும் அந்த மாதிரிதான் போன மாசம் வடை கொண்டுபோனேன். சாப்பிட்டாங்க, நல்லா இருக்குன்னாங்க. ஒருத்தவங்க போன எடுத்துப் பாத்துட்டு, 'இன்னும் காலியாதானே காட்டுது'ன்னாங்க. சிரிச்சிக்கிட்டுதான் சொன்னாங்க லா. ஆனா சொன்னாங்க."

கேமுக்கு வடையை எண்ணத் தெரியாது. அந்த எண்ணம் எனக்குக் கூட்டத்தில் வரவே இல்லை.

அக்கா ஒரு துண்டை உதறினாள். "வெளியூர்க்காரனுக்கு இது எப்படித் தெரியும்? நம்ம ஆளு யாரோ உள்ள இருந்து சொல்லிக் குடுத்திருக்கான். யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

பொய் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"நான்தான்கா."

அவள் கை நிற்கவில்லை. துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கடுகு கலரு பொடவையும் அந்தக் காசுதானா?"

"ஆமா."

"டீ போடறேன், குடிச்சிட்டுப் போ" என்று எழுந்து உள்ளே போனாள். அன்று அதைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. புறப்படும்போது எப்போதும்போல் டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய்க் காலிக் கூடையை எடுத்துவிடலாமே என்றேன். பொறுமையாகக் கேட்டார். எந்தக் காரணத்துக்காக என்று கேட்டார். மனிதர்கள் சங்கடப்படுகிறார்கள் என்றேன். சங்கடப்படுவார்கள் என்று சொல்லித்தானே நீங்கள் இதைக் கொண்டுவந்தீர்கள் என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. அதைக் கரண்டி போட்டு யார் வெளியே எடுப்பார்?

ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் போனேன். என் கார்டைப் போட்டு, அக்காவின் கணக்குக்கு ஒரு பெரிய பொட்டலம் வாங்கினேன். முப்பது பேருக்கு முன்னால் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கூடை நிரம்பியது. இருபத்தொன்பது பேருக்கும் அக்கா பெயரில் கூடை போனது. விட்டுப்போகும் வாடிக்கையாளரை இழுத்துவர நாங்கள் இப்படித்தான் ஏதாவது இலவசமாகக் கொடுப்போம். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பச்சை மூடி டப்பா நிறைய லட்டு வாங்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அக்கா சமையலறையில் இருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"பஜனைக்குப் போனியாக்கா?"

"ரெண்டு வாரமாப் போறேன்." டப்பாவை வாங்கி மேடைமேல் வைத்தாள். "மொத வாரம் எல்லாரும் தேங்க்ஸ்னாங்க. பெரிய கூடையா வந்திருக்கேன்னாங்க. நான் வாங்கலங்க, என் தங்கச்சி போட்டதுன்னேன்."

"அத ஏன்கா சொன்னே?"

"பின்ன, நான் குடுக்காதத நான் குடுத்தேன்னு சொல்றதா? அந்தக் காலிக் கூடைய கண்டுபுடிச்சதும் அவதான்னு சேத்துச் சொல்லிட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண்களில் பாதிப் பேர் என்னைப் பாவாடை சட்டையில் பார்த்தவர்கள்.

"அவங்க என்னா சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல. காப்பார் ஆன்டி மட்டும், 'படிச்ச புள்ள'ன்னாங்க."

கேமை அப்போதே அழித்துவிட்டதாகச் சொன்னாள். அதற்கு முன்னால், கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த மாதப் பாஸை நிறுத்தப் போனாளாம். "நாலு தடவ கேக்குதுடி, நிச்சயமாவா நிச்சயமாவான்னு. நாலு தடவையும் ஆமான்னு சொன்னேன்."

அந்த நான்கு திரைகளில் கடைசித் திரைக்கு வாசகம் எழுதியது நான். நாங்கள் உங்களைத் தேடுவோம் என்று இருக்கும்.

அக்கா லட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினாள். பச்சை மூடி டப்பாவைக் குழாயில் கழுவினாள். விரிசலில் சிக்கியிருந்த லட்டுத் துகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். துணியால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, ஈரம் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, மூடியை அழுத்தி மூடி என் கையில் கொடுத்தாள்.

எடை இல்லாமல் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன்.

"பாத்துப் போ. ரயிலு கூட்டமா இருக்கும்" என்றாள்.

சீனி ஜாடி அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.