சோறு புளித்த வயிறு

சத்தியவேட்டை ஒட்டிய அந்தக் கிராமத்தில் பால் வண்டி வருவதற்கு முன்பே கேனோடு ரோட்டில் நிற்பவள் யமுனா. அவளுடைய நைனாவுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண்கூட இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் அறுத்து, அடுத்தவர் களத்தில் தூற்றியே காலத்தைத் தள்ளியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாடு வாங்கிக் கட்டியவள் யமுனாதான். ஜெர்சிக் கலப்பு, செவலை நிறம். பெயரும் செவலைதான். கணவன் பாலையா கம்பெனி வேலைக்குப் போய்வந்தாலும், வீடு ஓடியது செவலையின் பாலில்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி மணியம்மாவின் வீடு. அவளிடமும் ஒரு கறவை, புள்ளி.

அந்த வைகாசி முகூர்த்தத்தில் சூளூர்பேட்டை ரோட்டு மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்தபோது இரண்டு அண்டா சோறு மிஞ்சிவிட்டது. குப்பையில் கொட்டப் போனவர்களைத் தடுத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள் யமுனா. மணியம்மா இன்னும் கல்யாண வீட்டில்தான் இருந்தாள். யமுனா ஓர் அண்டாவைச் செவலைக்கு வைத்தாள். மற்றதைச் சுவரைச் சுற்றிப் போய்ப் புள்ளிக்கு வைத்தாள். இரண்டும் அடிவரை நக்கித் தீர்த்தன. பார்க்க அவளுக்கு அத்தனை நிறைவாக இருந்தது.

விடிந்ததும் செவலை அசை போடவில்லை. சாணி சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போயிருந்தது. கெட்டுப்போன கஞ்சியின் புளித்த நாற்றம். இடது விலாவைக் கையால் அழுத்தினால் உள்ளே குடத்துத் தண்ணீர்போலத் தளும்பியது. யமுனா பதறி நிமிரும்போதே சுவருக்கு அப்பால் மணியம்மாவின் குரல்.

"யமுனா! புள்ளி பல்ல நறநறன்னு கடிச்சிக்கினு கீது. இன்னான்னு வந்து பாரு!"

சோறு வைத்ததை யாரும் பார்க்கவில்லை. இருந்தும் யமுனா நேரே போய்ச் சொன்னாள்.

"அக்கா, நேத்து கல்யாணச் சோத்த நான்தான் போட்டேன். ரெண்டுத்துக்கும்."

மணியம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். "என் மாட்டுக்குப் போட உனுக்கு யாரு சொன்னது?"

கால்நடை மருத்துவ வண்டிக்குப் போன் போட்டார்கள். வண்டி வேறொரு கிராமத்தில் இருந்தது. வெயில் ஏற ஏற இரண்டு மாடுகளின் கண்களும் குழிக்குள் போயின. வண்டி வந்து நின்றபோது உச்சிப் பொழுது. இறங்கியவர் டாக்டர் ஸ்ரீஜா. திருப்பதி அலிபிரிப் பக்கம் வீடு, கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண், வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை. உதவியாளர் அன்றைக்கு லீவு. கூட வந்தவர் டிரைவர் மட்டும்.

டாக்டர் இரண்டு மாடுகளுக்கும் குழாயை விட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்து, புளிப்பைக் காட்டும் ஒரு காகிதத் துண்டை அதில் நனைத்தார். காகிதம் நிறம் மாறியதும் அவர் முகமும் மாறியது.

"எவ்வளவு சோறும்மா?"

யமுனா கைகளை விரித்து அண்டாவின் அளவைக் காட்டினாள். "மாடு துன்றதுதான மேடம்? சோறு எப்டி வெஷமாவும்?"

"மாடு புல்லை நேரா ஜீரணம் பண்றதில்லை. அதோட பெரிய வயித்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்கா இருக்கு. நல்ல கிருமி. அதுங்க புல்லைப் புளிக்கவெச்சு கொழுப்பு அமிலமா மாத்தும். வினிகர்ல இருக்கற புளிப்பு மாதிரி. மாட்டுக்கு பலமே அந்த அமிலம்தான். பால்ல இருக்கற கொழுப்புகூட பாதி அதுலேர்ந்து வர்றதுதான். புல்லுன்னா நிதானமா ஊறும், உடம்பு இழுத்துக்கும். இவ்வளவு சோறு ஒரேயடியா விழுந்தா அமிலம் பொங்கிடும். அதைவிடக் கடுமையான வேறொரு அமிலமும் சேரும். நல்ல கிருமியெல்லாம் செத்துடும். வயித்துச் சுவர் வெந்துபோகும்."

"மருந்து?"

"மருந்து குடுக்கற கட்டம் தாண்டியாச்சு. விலாவை அறுத்து சோத்தை வெளிய எடுக்கணும். நான் ஒருத்திதான் இருக்கேன். ஒண்ணை முடிச்சுட்டுத்தான் இன்னொண்ணு." டாக்டர் செவலையின் காதைத் தொட்டார், அது சில்லிட்டிருந்தது. "இதுதான் ரொம்ப மோசமா இருக்கு. நிக்கற மாட்டைத்தான் இங்க என்னால அறுக்க முடியும். படுத்துட்டா கஷ்டம். எதை முதல்ல பண்ணட்டும்?"

மணியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யமுனா புள்ளியின் பக்கம் கைகாட்டினாள்.

"அக்கா மாட்ட மொதல்ல பண்ணுங்க."

"இது தாங்காதும்மா."

"அவங்க போடல மேடம். நான் போட்டேன். அத மொதல்ல பண்ணுங்க."

புள்ளியைப் புளியமரத்தடியில் கட்டி, விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டார் டாக்டர். மணியம்மா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். செவலையைப் படுக்க விடாமல் நடத்துவது யமுனாவின் வேலை. மணியம்மாவின் கணவன் கருப்பன் ஒரு கோணிப்பையை அதன் அடிவயிற்றில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு கூடவே நடந்தான்.

வீட்டிலிருந்து போர்வெல் குழாய் வரை, அங்கிருந்து வீடு வரை. செவலை ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்தது. நின்றால் அதன் தொடை நடுங்கியது. யமுனா தன் தோளை அதன் கழுத்துக்கு முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். "நட என் கண்ணு, இன்னும் கொஞ்சம் நட." மரத்தடியில் டாக்டர் தோள்வரை கையை விட்டுச் சோற்றை வாரி வாரிப் போடும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பார்க்க யமுனாவுக்குத் துணிவில்லை.

குழாயடி ஈரத்தில் செவலையின் முன்னங்கால் மடங்கியது.

"வுடாத! புடிச்சிக்கோ!" கயிற்றைப் பிடித்தபடியே கத்தினாள் மணியம்மா. காலையில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் யமுனாவிடம் பேசிய முதல் பேச்சு அது. கருப்பன் கோணியை எக்கித் தூக்கினான். செவலை எழுந்தது. இன்னும் ஒருமுறை போய்வந்தது. புள்ளிக்கு டாக்டர் கடைசித் தையல்களைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மறுபடி கால் மடங்கியது. இந்தத் தடவை எத்தனை பேர் கைகொடுத்தும் அது எழவில்லை.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தார். அறுக்க வழியில்லை. வாய்வழியாகத் தடித்த குழாயை வயிற்றுக்குள் விட்டு, தண்ணீரை ஊற்றி, புளித்த கூழை வெளியே வடித்தார். திரும்ப ஊற்றினார், திரும்ப வடித்தார். தெருவே குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தது. கருப்பனிடம் புள்ளியை விட்டுவிட்டு, முதல் குடத்தோடு வந்தவள் மணியம்மா. பொழுது சாயும்போது செவலையின் காதில் கொஞ்சம் சூடு வந்தது. தலையைத் தூக்கி யமுனாவின் கையை நக்கியது. பிழைத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் பால் வண்டி வரும் நேரத்தில் அது செத்துப்போனது.

டபுள் ஷிப்ட் முடிந்து வந்த பாலையா, தெருவில் சேதியைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். "எவ சோறு போட்டது?"

யமுனா வாயைத் திறப்பதற்குள் மணியம்மா முந்திக்கொண்டாள். "நான்தான். தெரியாத போட்டுட்டேன்."

"பொய்யி," என்றாள் யமுனா. "நான் போட்டேன். அவங்க மாட்டுக்கும் நான்தான் போட்டேன்."

பாலையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குழி தோண்டக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் டாக்டர் போனில் வந்தார். "உங்க மாட்டை முதல்ல பண்ணியிருக்கணும்னு காலையிலேர்ந்து..."

"அத வுடுங்க மேடம். புள்ளிக்கு எப்போ தையல் பிரிக்க வருவீங்க? அக்கா கேக்குது."

புள்ளி பிழைத்தது. பால் மட்டும் முன்புபோல இறங்கவில்லை. யமுனா கொஞ்ச காலம் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். இப்போது ஒரு கிடாரி வாங்கிக் கட்டியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால் பந்தி முடிகிற நேரத்துக்குப் போய் நிற்கிறாள். மிஞ்சிய சோற்றை யாராவது மாட்டுக்கு என்று வாளியில் வாரினால், செவலை செத்ததைச் சொல்லித் தடுக்கிறாள். போன மாசம் பெண் வீட்டுக்காரர் ஒருவர், நல்ல காரியம் நடக்கும் இடத்தில் சாவுப் பேச்சு எதற்கு என்று அவளை விரட்டப் பார்த்தார். அவள் வாளியை விடவில்லை. மறுபக்கம் பிடித்திழுத்தவரிடம், "புடிச்சி இழுத்தா நான் கொட்டிடுவேன், பாத்துக்கோ," என்றாள். கொட்டியும்விட்டாள்.