சாக்குக் கழிவு

குரங்கணி பால்வாடியின் எடையேட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘நிறுத்தவர்’. மாதம் தவறாமல் அதில் மொக்கம்மாள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவற்றில் ஆறு மாதக் கையெழுத்து உண்மையல்ல என்று பின்னால் எழுதிக் கொடுத்தவளும் அவளேதான்.

மொக்கம்மாள் ராசிங்காபுரத்துக்காரி. 1951-இல் பிறந்தவள். போடியில் பதினோராம் வகுப்பு முடித்து, மதுரையில் ஆறு மாதம் பயிற்சி பெற்று, 1976 ஜூன் 14, திங்கட்கிழமை, குரங்கணி பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். தற்காலிக வேலை. பிள்ளைகள் இருபத்தாறு பேர். தாய்மார் காலை ஏழு மணிக்கு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறினால் மாலை ஐந்தரைக்குத்தான் இறங்குவார்கள். அதுவரை பாட்டு, கதை, புளியங்கொட்டை எண்ணுவது, சோறு, தூக்கம், மூக்குச்சளி எல்லாம் அவள் பாடு. பிள்ளைகள் மேல் கை வைக்க மாட்டாள். வீட்டில் நடந்த சண்டையைப் பிள்ளைகள் வந்து அப்படியே ஒப்பிப்பார்கள். அது பால்வாடி வாசலைத் தாண்டியதில்லை.

1983 மார்ச்சில், பிள்ளைகளை மாதாமாதம் நிறுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துமாவு உருண்டை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் அரைக் கிலோ ஏறிவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். ஏடு வந்தது. தராசு வரவில்லை.

தராசு வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. ஏலக்காயை நிறுத்துச் சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்குப் போய் எடைக்காரர் பேச்சிமுத்துவைக் கேட்டாள்.

“அதுக்கென்னாத்தா, கூட்டிட்டு வா. காயைவிடப் பிள்ளைக லேசாத்தான் இருக்கும்” என்றார் அவர்.

ஒரு தட்டில் சிறிய சாக்கை விரித்து அதில் பிள்ளையை உட்கார வைப்பார்கள். சாக்கின் எடை பிள்ளையோடு சேர்ந்துவிடக் கூடாதே என்று, அதே அளவுள்ள வெறும் சாக்கு ஒன்றைப் படிக்கல் தட்டிலும் மொக்கம்மாள் போட்டுவிடுவாள். பிள்ளை அழும். அவள் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுவாள். பேச்சிமுத்து கல்லைப் பார்த்து எடையைக் கூவுவார். பிள்ளையை இறக்கிவிட்டு, அவர் கூவியதை அவள் எழுதிக்கொள்வாள். பின் ‘நிறுத்தவர்’ கட்டத்தில் கையெழுத்து. இப்படியே ஆகஸ்டு வரை ஆறு மாதம் ஓடியது.

செப்டம்பர் 5, திங்கட்கிழமை, போடியிலிருந்து வந்த ஜீப்பில் புதுத் தராசு வந்து இறங்கியது. உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுகிற தராசு. கூடவே வந்த மேற்பார்வையாளர் செல்லக்கிளி முன்னாலேயே நிறுத்தார்கள். இருபத்தாறு பிள்ளைகளும் எடை ஏறியிருந்தார்கள். உருண்டைப் பட்டியலில் இருந்த பதினான்கு பேரும் அரைக் கிலோவாவது ஏறியிருந்தார்கள்.

செல்லக்கிளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பதினாலு பேர்த்தையும் பட்டியல்ல இருந்து எடுத்துருங்க மொக்கம்மா. ஒங்களதுதான் மாதிரி மையம்னு எழுதப் போறேன். நிரந்தர ஆர்டரும் அதோட வந்துரும்.”

ஏழு ஆண்டு எதிர்பார்த்திருந்த ஆர்டர். மொக்கம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் சோற்றுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டாள். ராக்குவை இடுப்பில் தூக்கியபோது அவளுடைய அரைஞாண் கயிறு வழுகித் தொடைக்கு வந்துவிட்டது. ராக்கு, தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிற கருத்தம்மாளின் மகள். மூன்று வயது. ஜூனில் ஒன்பதரைக் கிலோ, செப்டம்பரில் பத்து. ஏட்டின்படி அரைக் கிலோ ஏறிய பிள்ளை. ஏறிய பிள்ளைக்குக் கயிறு இறுகத்தானே வேண்டும்?

அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பிள்ளைகளுக்குக் காவல் வைத்துவிட்டு மொக்கம்மாள் கிட்டங்கிக்குப் போனாள். ஐந்து கிலோப் படிக்கல்லைத் துணியில் சுற்றிச் சாக்கில் வைத்தாள். எதிர்த்தட்டில் வழக்கம்போல வெறும் சாக்கைப் போட்டாள்.

“அண்ணே, இதை நிறுங்க.”

பேச்சிமுத்து கல் போட்டு, முள்ளைப் பார்த்து, கூவினார்: “நாலரை!”

“அஞ்சு கிலோக் கல்லுண்ணே அது.”

“அஞ்சுதான். சாக்குக் கழிவு அரை போக நாலரை.” சொல்லிவிட்டு அவரே எதிர்த்தட்டுச் சாக்கைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றது. “அட ஆத்தா! நீதான் இங்கிட்டும் சாக்குப் போட்டிருக்கியே. நான் எதுக்குக் கழிச்சேன்? முப்பது வருசமா வாய் பழகிப்போச்சு தாயி, கல்லைப் பாத்தா கழிவோடதான் வருது.”

ஆறு மாதமும் எல்லாப் பிள்ளைக்கும் அரைக் கிலோ குறைத்து எழுதப்பட்டிருந்தது. புதுத் தராசு கழிக்கவில்லை. ஏறியதெல்லாம் அந்தக் கழிவு. கூட்டிப் பார்த்தால் ஜூனிலேயே ராக்கு பத்துக் கிலோ. மூன்று மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை. பதினான்கில் ஒன்பது பேர் கதை அதுதான். மற்ற ஐந்து பேர்தான் உண்மையிலேயே அரைக் கிலோ ஏறியவர்கள்.

மலையிலிருந்து இறங்கிய கருத்தம்மாளிடம் முதலில் சொன்னாள். கருத்தம்மாள் கூடையை இறக்கிவைத்தாள்.

“எங்க காயிலதான் கழிப்பாருன்னு இருந்தேன். பிள்ளையிலயுமா கழிச்சாரு? நீயும் அங்கனதான நின்ன டீச்சரு?”

“நின்னேன். கல்லை எண்ணிப் பாக்கலை. என் தப்புதான் கருத்தம்மா.”

“பிள்ளை தேறிருச்சுன்னு நேத்துத்தான் தெரு பூராம் சொல்லிட்டு வந்தேன்” என்றாள் அவள். ராக்குவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை மொக்கம்மாள் ஏட்டோடு போடிக்குப் போனாள். செல்லக்கிளி இரண்டு முறை கணக்கைப் பார்த்தார்.

“மாதிரி மையம்னு எழுதி அனுப்பிட்டேனே! அடுத்த மாசத்துல இருந்து சரியா எழுதுங்க. பழசைக் கிளறாதீங்க.”

“பேரை எடுத்துட்டா, மறுபடி மூணு மாசம் நிறுத்துப் பாத்துத்தான மேடம் சேக்க முடியும்? அதுவரைக்கும் ஒம்பது பிள்ளைக்கு உருண்டை இல்லை.”

செல்லக்கிளி பேனாவை மூடினார். “அப்ப எடைக்காரர் தப்பாச் சொன்னாருன்னு எழுதுங்க. ஒங்களுக்குப் பாதகம் வராது.”

“அவரு சொன்னாரு. நிறுத்தவர்னு கையெழுத்துப் போட்டது நான்தான மேடம்?”

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். பழைய எண் எதையும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் சரியான எண்ணை எழுதித் தேதி போட்டாள். நூற்று ஐம்பத்தாறு திருத்தங்கள். பேச்சிமுத்துவின் பெயர் எங்கும் இல்லை.

செப்டம்பர் 19 முதல் ஒன்பது பிள்ளைகளுக்கும் மீண்டும் உருண்டை கிடைத்தது. அக்டோபரில் மொக்கம்மாளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மாதிரி மையம் என்ற பெயர் தேவாரம் பக்கத்து மையம் ஒன்றுக்குப் போனது. நிரந்தர ஆர்டர் 1985 ஜூலையில்தான் கைக்கு வந்தது. வருத்தம் இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, வருத்தம் இருந்தது.

அந்த அக்டோபரிலிருந்து பால்வாடியில் எடை பார்க்கும் நாளில் ஒரு தாய் வேலைக்குப் போகாமல் நிற்பாள். முள்ளை அவள் படித்துச் சொன்ன பிறகு மொக்கம்மாளும் பார்ப்பாள். இரண்டும் ஒத்தால்தான் எழுதுவாள். டிசம்பர் 5 கருத்தம்மாளின் முறை. கிட்டங்கிக்குப் போகிற வழியில் பேச்சிமுத்துவும் வாசலில் நின்றார்.

“பத்து… ஏழு கோடு” என்றாள் கருத்தம்மாள்.

“கழிவு போகவா?” என்றார் பேச்சிமுத்து.

“அண்ணே, நீங்க ஒங்க சோலியப் பாத்துட்டு வெரசாப் போங்க” என்றாள் மொக்கம்மாள். முள்ளைப் பார்த்தாள். 10.7 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கருத்தம்மாள் மகளைத் தராசிலிருந்து இறக்கி, பாவாடையை விலக்கி, அரைஞாண் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து ஒரு விரற்கடை தளர்த்திக் கட்டினாள்.