பெருகு புளிக்காத பேட்டரி

காரில் வைக்கும் ஃப்ரிட்ஜுக்கு எந்த பேட்டரி தாங்கும் என்று கேட்க நகரியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரரின் சட்டை முழுக்க ஆசிட் ஓட்டை. எதைக் கேட்டாலும் தயிரில்தான் பதில் சொல்வார், அதையும் தெலுங்கில் பெருகு என்பார்.

"நூறு ஆம்பியர் போதுமா?"

"மூணு நாளு பெருகு புளிக்காது சார். எடுத்துக்கினு போங்க."

அரைமனதாக வாங்கினேன். ஃப்ரிட்ஜையும் பேட்டரியையும் அவரே வண்டியில் பொருத்தினார்.

தலகோனா காட்டில் கூடாரம் போட்ட மூன்றாம் நாள், ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களுக்கு அடியில் ஒரு தயிர் டப்பா கிடைத்தது. பதறிப்போய் அவருக்கு போன் செய்தேன்.

"உங்க சாப்பாட்டுத் தயிர் என்கிட்ட வந்துடுச்சுங்க."

"துன்னு பாருங்க. புளிச்சிகீதா?"

"இல்லை."

"அப்ப பேட்டரி நல்லாத்தான் கீது," என்று போனை வைத்துவிட்டார்.

பாவம், மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனால், கடை அலமாரியில் அதே மாதிரி இன்னும் ஆறு டப்பாக்கள் இருந்தன.