கெடாத பனியன்

ஆஸ்பத்திரி லாண்டரியில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாண்டரியார் என்றால்தான் தெரியும். ரத்தம், சீழ், மருந்து என்று எந்தக் கறையோடு விரிப்பு உள்ளே போனாலும், மறுநாள் காலை மடிப்புக் கலையாமல் வார்டுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பியது. கறை போகாத துணியை அவர் இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "கழிச்சுப் போடு" என்பார். அதற்கென்று மூலையில் ஒரு தொட்டி இருந்தது. அதில் ஒரு துணி விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்ற மறுவாரமே அப்பா விட்டுப்போன நிலத்தில் இறங்கினார். மூன்று ஏக்கர், மூன்று துண்டு. மேற்கே இவருடையது, கிழக்கே தம்பியுடையது, நடுவில் அக்காவுடையது. அக்கா டவுனில் இருந்தாள். நடுத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் இவர் வந்த நாலாம் வருஷம் வேறு பிழைப்புக்குப் போய்விட்டதால், அதிலிருந்து இரண்டு வருஷமாக அது சும்மா கிடந்தது. இடுப்பு உயரத்துக்குப் புல். ஓரத்தில் ஒரு பம்பு ஷெட், சுவரெல்லாம் பச்சைப் பாசி.

அந்த நடுத்துண்டு தன் கைக்கு வர வேண்டும் என்பதுதான் லாண்டரியாரின் ஒரே ஆசை. தன்னுடைய ஒரு ஏக்கரில் காலை பத்து மணிக்குள் அத்தனை வேலையையும் முடித்துவிடுகிறார். அதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்வது? இன்னொன்றும் இருந்தது. தினமும் வரப்பில் நின்று அந்தப் பாசிச் சுவரைப் பார்ப்பார். பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டவர் மாதிரி முகம் போகும்.

அவருடைய வயலை வார்டு என்றே சொல்லலாம். அறுவடை முடிந்ததும் மக்காச்சோளத் தட்டை ஒன்று விடாமல் கூட்டி நெருப்பு வைத்துவிடுவார். பிறகு டிராக்டர் நான்கு தடவை மேலும் கீழும் ஓடி மண்ணை மாவாக்கும். வரப்பில் ஒரு புல் தலைகாட்டினால் களைக்கொல்லி. உதிர்ந்த இலையைப் பொறுக்க ஒரு கூடை, கூட்ட ஒரு விளக்குமாறு. வயலுக்கு விளக்குமாறு கொண்டுபோன ஒரே விவசாயி அவர்தான். மண்புழு கண்ணில் பட்டால் கொல்ல மாட்டார், அவ்வளவு கெட்டவரில்லை. குச்சியில் எடுத்துத் தம்பி வயலில் விட்டுவிடுவார்.

இத்தனை செய்தும் பயிர் வருஷத்துக்கு வருஷம் சோகை பிடித்துப் போயிற்று. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். வெயில் அடித்தால் மண் மேல்தோல் கட்டி, அப்பளம் மாதிரி நொறுங்கும். முதல் வருஷம் ஒரு மூட்டை உரம் கேட்ட நிலம் ஆறாம் வருஷம் மூன்று கேட்டது. சுத்தம் இன்னும் போதவில்லை என்று லாண்டரியார் முடிவு கட்டி, டிராக்டரை ஐந்தாவது தடவையும் ஓட்டச் சொன்னார்.

அவர் மனைவி, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். ஒருநாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தவள் மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

"என்னங்க, இது மூணு மாசம் மாத்திரையே சாப்பிட்டவன் வயிறு மாதிரி இருக்கு. கெட்டதோட நல்லதும் சேர்ந்து செத்துப்போச்சு. இனிமே எதைக் கொடுத்தாலும் நிக்காது."

"உனக்கு எல்லாமே வயிறுதான்" என்றார் அவர்.

தம்பிக்காரனை ஊர் 'அசையாதவர்' என்று அழைத்தது. ஏதோ ஞானத்தால் அவர் அசையாமல் இருந்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அசல் சோம்பேறித்தனம். டிராக்டர்காரனுக்குப் போன் பண்ண அலுப்பு, அதனால் உழவு கிடையாது. தட்டையைக் கூட்ட அலுப்பு, அது விழுந்த இடத்திலேயே கிடந்து மக்கும். மாட்டை அவிழ்த்துவிட்டுக் கட்ட மறந்துவிடுவார், அது வயல் முழுக்கச் சாணி போட்டுக்கொண்டு சுற்றும். தட்டைக்கு நடுவே குழி தோண்டி விதை போடுவதோடு அவர் விவசாயம் சரி. விளைந்தது. ஏன் விளைகிறது என்று கேட்டுப் பார்க்கவும் அவருக்கு அலுப்பு.

"டேய், அதிர்ஷ்டம்டா உனக்கு" என்பார் அண்ணன்.

"இருக்கட்டும்ணா" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொள்வார்.

மண் ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தது அப்போதுதான். மண் மேடம் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அக்காவும் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். மேடம் பையிலிருந்து புத்தம் புது வெள்ளைப் பனியன்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

"சுத்தமான பருத்தி. உங்க உங்க வயல்ல ஒரு சாண் ஆழத்துல புதைச்சு, மேல ஒரு குச்சி நட்டு வைங்க. ரெண்டு மாசம் கழிச்சு வந்து எடுக்கறேன். துணி எப்படி இருக்குன்னு பார்த்தா மண்ணு எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும்."

"எப்படி இருந்தா நல்லது மேடம்?" என்று கேட்டாள் லாண்டரியாரின் மனைவி.

"அதைச் சொன்னா ஏதாவது பண்ணி வெச்சிடுவீங்க. அன்னைக்கே சொல்றேன்."

அக்காவுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. இரண்டு வருஷமாக இரண்டு தம்பிகளும் போனில் அவள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால் பெரியவர் துளைத்தார், சின்னவர் சம்சாரம் சொல்லிக்கொடுத்ததால் துளைத்தார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. யார் மண்ணு நல்ல மண்ணுன்னு இந்தம்மா சொல்றாங்களோ, அவனுக்கு என் பங்கு. அப்புறம் எவனும் எனக்குப் போன் பண்ணக் கூடாது."

லாண்டரியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துணியில் பரீட்சையாம். அதுவும் வெள்ளைத் துணியில். யாரிடம்! ஒருவரையும் எதுவும் கேட்காமல் அவர் பனியனை ஓரம் சேர்த்து எட்டாக மடித்துப் புதைத்தார். தம்பி சுருட்டித் திணித்தார். நடுத்துண்டில் அக்காவே ஒன்றைப் புதைத்தாள், புல்லை விலக்கத் தெம்பில்லாமல் ஓரமாக. மேடம் பையோடு தனியாக மூன்று வயலையும் ஒரு சுற்றுச் சுற்றினார். மண் மாதிரி எடுக்கிறார் என்று நினைத்தார்கள்.

ஒரு மாதம் லாண்டரியார் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. ஒரு காலை வேளையில் குச்சியை நகர்த்தி மெதுவாகத் தோண்டிப் பார்த்தார். பனியன் வைத்தது வைத்தபடி இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனாலும் இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே? வீட்டுக்குப் போய் பிளீச்சிங் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, மடிப்புக்கு உள்ளேயும் குழியைச் சுற்றியும் தாராளமாகத் தூவி மூடினார். ஏமாற்றுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துணியைப் பார்த்துக்கொள்வதை யாராவது ஏமாற்று என்பார்களா?

இரண்டு மாதம் முடிந்தது. மேடம் வந்தார், அக்கா வந்தாள். முதலில் தம்பி வயல். மேடம் தோண்டினார், கிளறினார், கையை விட்டுத் துழாவினார். கடைசியில் வெளியே வந்தது கழுத்துப் பட்டைத் தையலும் கைத் தையலும் மட்டும். காற்றில் ஆடியது, சிலந்தி வலை மாதிரி. கூடவே நான்கு மண்புழு.

"தையல் நூல் பாலியஸ்டர். அதான் மிஞ்சியிருக்கு" என்று லாண்டரியார் தொழில் கௌரவத்தோடு விளக்கினார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "பார்த்தியாக்கா? ஒரு பனியனைக்கூட இவனால பத்திரமா வெச்சுக்க முடியல" என்றார்.

தம்பிக்கு முகம் சிறுத்துவிட்டது. "மட்டமான துணிக்கா அது. எனக்குன்னு பார்த்துக் கொடுத்திருக்காங்க."

அடுத்து நடுத்துண்டு. அங்கே தையல்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. மண் கறுப்பாக, கேக் மாதிரி பொலபொலவென்று வந்தது. லாண்டரியார் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷம் கவனிக்காம விட்டா இப்படித்தான். நான் எடுத்துச் சரி பண்றேன்க்கா, கவலைப்படாதே."

பிறகு அவர் வயல். மேடத்தைத் தோண்ட விடாமல் தானே மண்டியிட்டு எடுத்தார். மண்ணை உதறினார். தோள்பட்டையில் இரண்டு விரலால் பிடித்து, முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். வெள்ளை வெளேர்.

"ஒரு அலசு அலசினா நாளைக்கே போட்டுக்கலாம்!"

யாரும் கை தட்டவில்லை. மேடம் பனியனை வாங்கி முகர்ந்தார். அக்கா அவர் கையிலிருந்து வாங்கி முகர்ந்தாள்.

"ஏன்டா, உன் ஆஸ்பத்திரி வாசனை வருது?"

"அழுக்காகிடக் கூடாதேன்னு... கொஞ்சமா..."

"சார், அழுக்காகணும்" என்றார் மேடம். "இல்லாமலே போகணும். மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்கு. பாக்டீரியா, பூஞ்சை, இன்னும் என்னென்னவோ. தட்டை, இலை, வேர் எல்லாம் அதுங்களுக்குச் சாப்பாடு. பருத்தியும் சாப்பாடுதான். சாப்பிட்டுப் பயிருக்குச் சத்தாக் கொடுக்கும். பூஞ்சை நூல் மாதிரி ஓடி மண்ணைப் பொலபொலன்னு கட்டி வைக்கும், அதனாலதான் தண்ணி உள்ள இறங்கும். நாம என்ன பண்றோம், உழுது உழுது அந்த நூலை அறுக்கறோம். தட்டையை எரிச்சு அதுங்களைப் பட்டினி போடறோம். ரெண்டு மாசம் தட்டுல சோறு வெச்சும் யாரும் தொடலைன்னா என்ன அர்த்தம்? வீட்டுல ஆள் இல்லைன்னு அர்த்தம்."

"துணியைத் தின்னற மண்ணா நல்ல மண்ணு?" என்று கேட்டார் லாண்டரியார்.

தம்பி அதற்குள் நிமிர்ந்துவிட்டார். "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். எதையும் அவர் அப்போதும் நினைத்ததில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

லாண்டரியாருக்குக் கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. "மேடம், நான் பவுடர் போட்டது தப்பு. அதனால இந்தப் பரீட்சை செல்லாது. போடாம இருந்தா என் மண்ணும் தின்னிருக்கும்."

"தெரியும் சார், இப்படி யாராவது ஏதாவது பண்ணுவீங்கன்னு" என்று மேடம் நோட்டைப் புரட்டினார். "அதான் அன்னைக்கு ஒவ்வொரு வயல்லயும் நானே இன்னொண்ணு புதைச்சேன். உங்களது தென்மேற்கு மூலை, வரப்புலேர்ந்து பத்து அடி."

அதையும் தோண்டினார்கள். அந்தப் பனியனுக்குப் பவுடர் இல்லை, பரிவு இல்லை, மடிப்பும் இல்லை. மண் நிறம் ஏறியிருந்ததே தவிர முழுப் பனியனாகவே வந்தது.

"பவுடரே போட்டிருக்க வேண்டாம்ங்க. வீணாப்போச்சு" என்றாள் மனைவி.

மேடம் மட்டும் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினார். "இதோ, ரெண்டு புள்ளி அரிச்சிருக்கு பாருங்க. முழுசா சாகல சார்."

அக்கா புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சின்னவனே, நடுத்துண்டு உனக்கு. எடுத்துக்கறியா?"

தம்பி அந்த இடுப்பு உயரப் புல்லைப் பார்த்தார். அதைச் சுற்றி நடக்க வேண்டிய தூரத்தை மனசுக்குள் அளந்தார். "எனக்கு இருக்கறதே போதும்க்கா."

"அப்ப அது சும்மாவே கிடக்கட்டும். எவனும் தொடாம இருந்ததுலதான் அது இவ்வளவு நல்லா இருக்கு." பிறகு பெரிய தம்பியின் முகத்தைப் பார்த்தாள். என்ன இருந்தாலும் தூக்கி வளர்த்தவள். "ஒரு வருஷம் தர்றேன்டா. அடுத்த வருஷம் இதே நாள் உன் மண்ணு ஒரு பனியனைத் தின்னட்டும். அப்ப பேசலாம்."

அந்த வருஷம் லாண்டரியார் பட்ட பாட்டை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். உழக் கூடாது, எரிக்கக் கூடாது, மண்ணை வெறுமே விடக் கூடாது என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை அவருக்கு வாய்த்ததே இல்லை. தம்பியின் மாடு போட்ட சாணியைத் தானே சுமந்து வந்தார். இரண்டு பயிருக்கு நடுவில் பயறு விதைத்தார். தட்டையை வயல் முழுக்கப் பரப்பினார். அதையும் எப்படி? வரிசை பிசகாமல், ஓரங்களை உள்ளே மடித்துச் செருகி, நோயாளிக் கட்டிலுக்கு விரிப்புப் போடுகிற மாதிரி. எந்த மூலையில் எந்தத் தேதியில் எவ்வளவு குப்பை என்று நோட்டுப் போட்டார். நான்கு நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிப் பார்க்கக் கை துடிக்கும்.

"நோண்டாதீங்க" என்பாள் மனைவி. "முதுகுப் புண்ணு நோண்ட நோண்ட ஆறாது. மூடி வெச்சிட்டு வேளைக்கு வேளை சாப்பாடு கொடுங்க, அது தானா ஆறும்."

மழைக்காலத்தில் ஒருநாள் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கியது. குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று பார்த்தார். அதற்கடுத்த வாரம் தட்டைக்கு அடியில் ஒரு மண்புழு தெரிந்தது. வழக்கம் போலக் குச்சியை எடுத்தவர், கீழே போட்டுவிட்டு, தட்டையை இழுத்து அதற்குப் போர்த்திவிட்டார்.

குறித்த நாளில் மேடம் வந்து தோண்டினார், இரண்டு மாதம் முன்பு தானே வந்து புதைத்துவிட்டுப் போன புதுப் பனியனை. வெளியே வந்த பனியனில் முன்பக்கம் இல்லை. முதுகு மட்டும் சல்லடையாகத் தொங்கியது. லாண்டரியார் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அந்தக் காலத்தில் நேராகத் தொட்டிக்குப் போயிருக்க வேண்டிய துணி. ஓட்டைகளை எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார்.

"பாரு அக்கா, எவ்வளவு அழகாத் தின்னிருக்கு!"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பாதி தின்னிருக்கு."

"ஒரு வருஷத்துக்கு இது ரொம்ப நல்லதும்மா" என்றார் மேடம்.

"நல்லதுதான். பாதிக்குப் பாதி நிலம். எடுத்துக்கோ, மீதியை அடுத்த வருஷம் பார்க்கலாம்."

லாண்டரியாரின் கண் அவரை அறியாமல் நடுத்துண்டின் ஓரத்துக்குப் போனது. அங்கே சுவரில் பாசி இன்னும் ஒரு விரற்கடை தடித்திருந்தது.

"எந்தப் பாதிக்கா?"

"பம்பு ஷெட் இல்லாத பாதி" என்றாள் அக்கா.