மூடச் சொன்னதை எதிர்த்து மூடினோம்

பன்றிக் காய்ச்சல் பயம் பரவிய 2009-இல், சிதம்பரத்தில் கடைகளை எல்லாம் மாலை ஆறு மணிக்கே மூட வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார்கள். போட்டவர் எந்த ஊர்க்காரரோ, தெரியாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் எங்கள் ஊரில் ஜனம் கோயிலுக்கும் கடைக்கும் கிளம்பும். எனக்கோ கடை திறப்பதே ஐந்தரைக்கு.

கடை என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. தெற்கு வீதியில் பத்திரம் எழுதுகிற ஒருவரின் அறை வாசல்தான் அது. பதிவு அலுவலகம் மூடியதும் அவர் கிளம்பிவிடுவார். நாங்கள் கேஸ் அடுப்பையும் தோசைக்கல்லையும் இறக்குவோம். நான் வார்ப்பேன், என் கணவர் சட்னி ஊற்றுவார். ஒன்பதுக்குள் மாவு தீர்ந்துவிடும். எங்கள் பிழைப்பே அந்த மூன்றரை மணி நேரம். அதில் அரை மணியை எங்களுக்கு விட்டுவிட்டு மீதியை உத்தரவு எடுத்துக்கொண்டது. காய்ச்சல் பரவக் கூடாதாம். பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு நிற்கிறவர்களை ஒன்றும் செய்யாத காய்ச்சல், ஆறு மணிக்கு மேல் தோசை தின்ன வருகிறவனை மட்டும் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

ஆனாலும் முதல் வாரம் எப்படியோ ஓடியது. ரோந்து வரும் போலீஸ்காரர், "சீக்கிரம் எடுத்து வைங்கம்மா, எடுத்து வைங்க" என்பார். சொல்லிக்கொண்டே அவரும் காசு கொடுத்து இரண்டு தோசை சாப்பிடுவார். ஆறு, ஏழாகும். பாதி மாவு போகும். ஆனால் திருடி மாதிரி தெருமுனையைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாளைக்குத் தோசை வார்ப்பது? நான் தலையைத் திருப்புவதற்குள் கல்லில் ஒன்று தீய்ந்திருக்கும்.

என் அண்ணன் இரும்புக்கடை வைத்திருந்தார். வியாபாரிகள் சங்கச் செயலாளரும் அவர்தான். இருட்டிய பிறகு ஆணி வாங்க யாரும் வரப்போவதில்லை. உத்தரவால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் கோபம் எங்களைவிட அவருக்குத்தான் ஜாஸ்தி. என் கணவரிடம், "மாப்ள, நீங்க கவலப்படாதீங்க. என் தங்கச்சி அடுப்ப எவன் அணைக்கிறான்னு பாத்துடுறேன்" என்றார். நான் நம்பினேன். சொந்த அண்ணனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சங்கம் கூட்டம் போட்டது. நானும் போயிருந்தேன், அங்கே நான் ஒருத்திதான் பெண். உத்தரவைக் கண்டித்து வியாழக்கிழமை நாள் முழுக்கக் கடையடைப்பு என்று அண்ணன் அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் நான் எழுந்தேன்.

"கடைய மூடச் சொல்றாங்கன்னுதானே கூட்டம் போட்டிருக்கோம்? அதுக்கு நாமளே நாள் முழுக்க மூடுனா எப்படிண்ணே?"

முன்வரிசையில் இருந்த ஒருவர், "போராட்டம்னா அப்படித்தாம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வராவிட்டாலும் கடையடைப்பு, வரியை ஏற்றினாலும் கடையடைப்பு. ஷட்டரை இறக்குவதைத் தவிர வேறு போராட்டம் இவர்களுக்குத் தெரியாது. ஷட்டரை இறக்கு என்று சொன்னவனை எதிர்த்தும் ஷட்டரைத்தான் இறக்கினார்கள்.

வியாழக்கிழமை நான் வழக்கம்போல ஐந்தரைக்கு அடுப்பை மூட்டினேன். திறந்து வைப்பதுதானே உத்தரவுக்கு எதிர்ப்பு? முதல் தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் அண்ணன் நாலு பேரோடு வந்துவிட்டார்.

"ஊரே மூடியிருக்கு. நீ மட்டும் தொறந்து வெச்சு என் மானத்த வாங்குறியா?"

"அடுப்ப எவன் அணைக்கிறான்னு பாக்குறேன்னு நீதானேண்ணே சொன்ன?"

அவர் குனிந்து சிலிண்டரைத் திருகி மூடினார். உத்தரவு வந்த நாளிலிருந்து என் அடுப்பை அணைத்த முதல் ஆள் என் கூடப்பிறந்தவர். கல்லில் இருந்த தோசை ஒரு பக்கம் வேகாமலே கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை மனு கொடுக்க அண்ணனோடு கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மனுவை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்து, "வியாழக்கிழமை நாள் பூரா மூடியிருந்தீங்க இல்ல? ஜனங்ககிட்டேருந்து ஒரு புகார்கூட வரல. நல்ல ஒத்துழைப்பு" என்றார். "ஒரு நாள் முழுக்க மூட முடிஞ்சவங்களுக்கு ஆறு மணிக்கு மூடுறதுல என்னங்க கஷ்டம்?" என்று கேட்டார் அவர். உத்தரவை இன்னும் இரண்டு வாரம் நீட்டித்தார்கள். திரும்பி வரும்போது, புதுச்சத்திரம் தாண்டியதும் அண்ணன், "நம்மளப் பாத்து பயந்துட்டான்" என்றார். பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அந்த இரண்டு வாரம் போலீஸ்காரரும் கறாராகிவிட்டார். ஆறு மணிக்கு மேல் ஒரு தோசைகூட வார்க்க விடவில்லை. பிறகு காய்ச்சல் பேச்சு தானாக அடங்கியது. உத்தரவும் தானாக முடிந்தது. மறுநாள் காலை சுவரெல்லாம் சங்கத்தின் போஸ்டர்: போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி! அன்று மாலை கீழ வீதியில் வெற்றிக் கூட்டம். அதை முன்னிட்டு ஐந்து மணி முதல் அனைத்துக் கடைகளும் அடைக்கப்படும்.

அன்றைக்குத்தான் பழையபடி முழு அளவுக்கு மாவு அரைத்து வைத்திருந்தேன். என் கணவர் அண்ணனைத் தேடிப் போய், "மச்சான், இன்னிக்கு ஒரு நாள் எங்கள விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினார்.

"இன்னிக்கு ஒரு நாள் மூடுங்களேன் மாப்ள" என்றாராம் அவர்.

ஆத்திரம் தாங்காமல் ஐந்தரைக்கு அடுப்பில் கல்லைப் போட்டேன். ஆறு மணி வாக்கில் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து கையைக் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றார்கள். "மூடிருங்கக்கா. கூட்டம் முடியற வரைக்கும் நாங்க நவுர மாட்டோம்" என்றான் ஒருத்தன். அவன் தலைக்கு மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்: "நம்ம கடைய மூடச் சொல்ல இனிமே எவனும் இந்த ஊருக்குள்ள வர முடியாது!"

கைதட்டல் பலமாகக் கேட்டது. என் கணவர் குனிந்து சிலிண்டரை மூடினார். மாவுக் குண்டானை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.