பதினைந்து வருஷம் கிடக்க வேண்டிய புட்டிகள்

என் வீட்டுக்காரர் ஒரு மரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றபோது, மாம்பழம் என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தால் வைக்கோலுக்குள் ஆறு சீமைச் சாராயப் புட்டிகள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டு வாசற்படியை மது தாண்டாது என்று சபை மாதர் சங்கத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னவள் நான். அக்கம்பக்கம் கேட்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கத்தித் தீர்த்தேன்.

அவர் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலையில் புகையிலை வைத்து மடித்தார். அது சாராயம் இல்லையாம், போர்ட் ஒயினாம். அவர் வேலை பார்த்த ஆம்பூர்த் தோல் கம்பெனியின் துரை சீமைக்கே திரும்பிப் போகிறாராம். போகிற போக்கில் கொடுத்த வெகுமதியாம். இத்தனை வருஷம் உழைத்த மனுஷனுக்கு ஒரு நல்ல கம்பளி கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

கொடுத்ததற்கும் ஒரு கதை இருந்தது. இவர் சின்ன வயதில் தோல் ஊறப்போடும் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆவாரம்பட்டைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, அதன் துவர்ப்பு தோலைப் பதப்படுத்தப் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். தரம் பிரிக்கிற மேஸ்திரி ஆன பிறகும் அந்த நாக்கைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. துரை விளையாட்டாக அந்த ஒயினில் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுக்க, தொட்டித் தண்ணி மாதிரியே இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டாராம். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். அது இன்னும் பச்சை ஒயின், இப்போது குடித்தால் துவர்க்கத்தான் செய்யும், பதினைந்து வருஷம் இருட்டில் படுக்கப்போட்டால்தான் துவர்ப்பு அடங்கி அமிர்தமாகும் என்று சொல்லிப் பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். நடுவில் ஒரு புட்டியைத் திறந்து ருசி பார்க்கலாம், இன்னும் துவர்த்தால் மீதியைத் தொடவே கூடாது என்பது உத்தரவு.

குடிக்கிற சங்கதியைவிட இது எனக்கு இன்னும் திகைப்பாக இருந்தது. குடிகாரன் வாங்குவான், குடிப்பான், விழுவான். அதோடு முடிந்தது. குடிக்காமல் பதினைந்து வருஷம் காவல் காக்கிற கூத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. சாக்கடையில் கொட்டிவிடுவேன் என்றேன். பாப்பா கல்யாணத்துக்கு ஆகும் என்று சிரித்தார். எங்கள் மகள் பாப்பா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அரிசி வைக்கிற அறையில் மணலைக் கொட்டி, ஆறையும் அதில் படுக்க வைத்தார். போதகர் ஜெபத்துக்கு வரும் நாளில் நான் அவற்றின்மேல் ஒரு கோணியை விரித்து மூடிவிடுவேன். நடுவே எத்தனையோ சண்டை. கொட்டுகிறேன் கொட்டுகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அவருடைய கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. என்னிடம் மறைத்தார். குழம்பு எரிகிறது என்று வெறும் கஞ்சியாகக் குடிக்க ஆரம்பித்தபோதுதான் பிடித்தேன். தரதரவென்று இழுக்காத குறையாக வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே நிறுத்தினார். புற்று என்றார். கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனிக் கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லை, வருகிற கிறிஸ்துமஸைப் பார்ப்பதே சந்தேகம் என்றார். அவருக்குத் தெரியவேண்டாம், மனசு விட்டுவிடுவார் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையைத் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

காட்பாடியில் ரயில் ஏறினோம். குடியாத்தம் தாண்டியதும், டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். புகையிலையை விட்டால் ஆறிவிடுமாம் என்றேன். உடனே மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினார். அப்படி நம்பினார் மனுஷன். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. அரிசி அறையில் ஒரு புட்டியைக் காலிடுக்கில் வைத்து, வாய் அரக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். புண் ஆறப்போகிறதல்லவா, அந்தக் குஷி. துரை சொன்னபடி ருசி பார்த்துவிடலாம் என்றார். தக்கையைப் பிடுங்கி, ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துடித்துப்போனார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிறகு ஒரு தம்ளரில் ஊற்றி என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல, எரியுது. நீ குடிச்சிப் பாத்து சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து குழம்பில் உப்பு சரியா என்றுகூட அவர் என்னைக் கேட்டதில்லை. சொல்கிறவர் அவர், கேட்டுக்கொள்கிறவள் நான். அந்த நாக்கு போனதும், என் நாக்கைத் தேடி வந்து நிற்கிறார். சங்கமாவது, சத்தியமாவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன்.

அது நன்றாக இருந்தது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. இவ்வளவு ருசியாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே. நல்ல கறுப்பு நாவல்பழமும் வெல்லப்பாகும் சேர்ந்த இனிப்பு, தொண்டையில் ஒரு சூடு. அந்த இனிப்பு இறங்கியதும் வாயெல்லாம் வறண்டு, நாக்கு சுருண்டு இழுத்தது. இழுக்கிறதா என்று கேட்டார்.

"இழுக்குதுங்க. கடுக்காயக் கடிச்ச மாதிரி. பல்லுல ஒட்டிக்கிச்சி."

அவருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. அப்படியானால் இன்னும் பச்சைதான், சரக்கு உசத்தி, துரை சொன்னது பொய்யில்லை என்று தொடையைத் தட்டினார். இன்னும் பத்து வருஷம் கிடக்கட்டும், அப்போது பாப்பாவுக்குக் கல்யாண வயசு, சம்பந்தி வீட்டாருக்குத் தன் கையாலேயே ஊற்றப்போவதாகச் சொன்னார். மாப்பிள்ளை எந்த ஊர் என்பதுவரை போய்விட்டார். பேசிக்கொண்டே மீதிப் புட்டிகளின்மேல் மணலை அணைத்தார். அவர் காதுக்குக் கீழே வீக்கம் பளபளவென்று நின்றது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வேணாங்க. வெக்காதீங்க. எல்லாத்தையும் இப்பவே குடிச்சிடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் கை மணலிலேயே நின்றுவிட்டது. சாக்கடையில் கொட்டுவேன் என்று வருஷக்கணக்காகக் கத்தியவள் குடிக்கச் சொல்கிறாளே என்று என்னையே பார்த்தார்.

"டாக்டரம்மா பொகையிலைய மட்டும் சொல்லல, இல்ல?"

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கத்துவார், அழுவார், இல்லாவிட்டால் அந்தப் புட்டியையே எடுத்து மடக்மடக்கென்று குடிப்பார் என்று பயந்தேன். அவர் மெதுவாக மணலைத் தள்ளித் தள்ளி ஐந்து புட்டிகளையும் முழுசாக மூடினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். என் கையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எனக்குத்தான் டைம் இல்ல. அதுக்கு இருக்குதே. அத எதுக்குக் கெடுக்கணும்?"

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தம்ளரை நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தார். திறந்த புட்டி தாங்காது, வீணாகப் போய்விடும், நீ குடித்துக்கொண்டே ஒவ்வொரு ருசியாகச் சொல் என்றார். குடித்தேன். முதலில் நாவல்பழம் வருகிறது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வெறும் வாயை லேசாக அசைத்தார். பாகு, கொஞ்சம் மிளகு மாதிரி ஒரு சுருக்கு என்றேன். மெல்லச் சப்புக்கொட்டினார்.

அப்புறம் என்று கேட்டார். நான் இன்னொரு வாய் குடித்தேன்.